வியாழக்கிழமைக்கு ஓர் ஆள்

ஜனவரி 4

தம்பி மனைவிக்கு,

போனில் பேசினால் இருவருமே குரலை உயர்த்திவிடுகிறோம். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. இது தம்பி போனில் நடத்தும் கூடைப்பந்து அணி பற்றியது.

நேற்று மாலை நான் மாற்றி வைத்த ஆட்களை நீ சாப்பாட்டு நேரத்துக்குள் பழையபடி திருப்பி வைத்துவிட்டாய். முந்தாநாளும் அப்படியே. அவன் மருத்துவமனையில் படுத்திருந்தபோது கடவுச்சொல்லை இடது கையால் எழுதி நம் இருவருக்கும் காட்டியது ஆளுக்கொரு பக்கம் இழுப்பதற்காக அல்ல. இரண்டு வாரம் கவனிப்பாரில்லாமல் கிடக்கும் அணியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் எழுதினான். பக்கவாதம் வந்து கிடப்பவனுக்கு அதுதான் கவலையா என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஆனாலும் ஒப்புக்கொண்டோம். ஒப்புக்கொண்டதை ஒழுங்காகச் செய்வோம்.

நான் புரிந்துகொண்டது இது. தவறிருந்தால் சொல். அவனுடைய லிஃப்ட் கம்பெனியில் பத்துப் பேர், ஆளுக்கு ஓர் அணி. நிஜ ஆட்டக்காரர்களில் பதின்மூன்று பேரை ஒவ்வொருவரும் தன் பங்காக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஆட்டக்காரர் எங்கோ ஒரு மைதானத்தில் பந்தைக் கூடையில் போட்டால் இங்கே நம் கணக்கில் புள்ளி ஏறும். வாரத்துக்கு ஓர் எதிரணி. ஒரு நாளில் பத்துப் பேரைத்தான் களத்தில் காட்டலாம், மற்ற மூவர் பெஞ்சு. பெஞ்சில் இருப்பவர் எவ்வளவு அடித்தாலும் நமக்குப் பயனில்லை.

இரண்டு விஷயங்களைச் சரிசெய்ய வேண்டும். ஒன்று, ‘ஏணி’. (தம்பி எல்லாருக்கும் பட்டப்பெயர் வைத்திருக்கிறான், அதையே எழுதுகிறேன்.) நம் அணியின் பெரிய ஆள் அவர்தான். முழங்கால் போய்விட்டது, இந்தப் பருவத்தில் திரும்புவது சந்தேகம் என்று செய்தி வந்து நாளாகிறது. நீ இன்னும் அவரைக் களத்தில் நிறுத்தியிருக்கிறாய். தினமும் பூஜ்யம். காயம்பட்டவர்களுக்கென்று தனி இடம் இருக்கிறது, அங்கே மாற்றினால் புது ஆள் ஒருவரை எடுக்கலாம். ஒரு பொத்தானை அழுத்தும் வேலை. உனக்கு ஏதாவது காரணம் இருக்குமோ என்று அவரை மட்டும் நான் தொடவில்லை. இருந்தால் சொல்.

இன்னொன்று, ‘மாமா’. முப்பத்தெட்டு வயது. ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடம், ஐந்தாறு புள்ளி. இவரை எதற்கு வைத்திருக்கிறோம்?

கடைசியாக, இங்கே பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து மறுவாழ்வு மையத்தில் அவனுக்கு ஒரு படுக்கை சொல்லி வைத்திருக்கிறேன். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். என் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். யோசித்துப் பார்.

அக்கா


ஜனவரி 7

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தில் சிவப்பு மை மட்டும்தான் குறை, மற்றபடி திருத்திய விடைத்தாள் மாதிரியே இருந்தது. ‘தம்பி மனைவிக்கு’ என்று தொடங்கியிருக்கிறீர்கள். உறைமேல் எழுத வேண்டியது உள்ளே வந்துவிட்டது போல.

ஆட்டத்தைப் பற்றி நீங்கள் புரிந்துகொண்டது எல்லாம் சரி. கல்யாணமானதிலிருந்து அதைக் காதால் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இப்போது நானே பார்க்க வேண்டியிருக்கிறது. காலையில் அவருக்குக் கஞ்சி ஊட்டும்போது போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து முந்தைய நாள் ஆட்டங்களைப் போடுகிறேன். பெரிய ஆட்கள் பறந்து பறந்து போடுவதையெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். மாமா பெஞ்சிலிருந்து எழுந்து, மேல்சட்டையைக் கழற்றி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வரும்போது மட்டும் சிரிக்கிறார். வாய் ஒரு பக்கமாகத்தான் போகிறது, ஆனால் சிரிப்புதான். அதனால் மாமா இருக்கட்டும்.

ஏணியை மாற்றுகிறேன். இந்த வாரம் முடியவில்லை.

படுக்கை விஷயம். அவர் வரமாட்டார். நானும் அனுப்பமாட்டேன். மருத்துவமனை வராந்தாவில் நீங்கள் கேட்டீர்களே, “பிரஷர் மாத்திரைய நிறுத்திட்டான்னு கூடத் தெரியாமலா ஒரே வீட்ல இருந்தே?” என்று. நர்சும், லிஃப்டுக்குக் காத்திருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த லிஃப்ட் உங்கள் தம்பி பழுதுபார்க்கும் லிஃப்ட். நான் அதை இன்னும் மறக்கவில்லை. மறந்த பிறகு படுக்கையைப் பற்றிப் பேசுவோம்.

ஆளை மாற்றும் முன் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஒன்று நியாயம்தான்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் தம்பி மனைவி


ஜனவரி 12

நான் மாமாவை நீக்கிவிட்டேன்.

நீ கோபப்படுவாய் என்று தெரியும். கேட்கவில்லை என்பாய். கேட்டேன். சிரிக்கிறார் என்றாய், அது காரணமாகாது. ‘புயல்’ என்ற இளைஞர் ஒருவர் யாரிடமும் இல்லாமல் இருந்தார் (இந்தப் பெயர் நான் வைத்தது). ஆட்டத்துக்குச் சராசரி பதினான்கு புள்ளி. உன் பதிலுக்குக் காத்திருந்தால் மாலைக்குள் வேறு யாராவது கொண்டுபோயிருப்பார்கள். ஐந்தைக் கொடுத்துப் பதினான்கு வாங்குவதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

நான் அவரை விட்ட உடனே ஸ்டோர் கீப்பர் மாமாவை எடுத்துக்கொண்டார். தம்பியோடு வேலை பார்ப்பவர், ஞாயிற்றுக்கிழமை வந்து அவனை மாடியிலிருந்து இறக்கி ஏற்றிவிடுகிறவர், அவர்தானே? இந்த வாரம் நம் எதிரணியும் அவர்தான். நல்லது. அவர் பெஞ்சில் ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பெஞ்சு என்றதும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. உனக்குப் பெஞ்சு எங்கே? இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லாத கட்டடம், அதிலும் லிஃப்ட் மெக்கானிக் குடியிருப்பது! காலையில் அவனைக் குளிப்பாட்டுவது நீ, கடைக்கு ஓடுவது நீ, மதியம் வந்து புரட்டிப் படுக்கவைத்துவிட்டுத் திரும்ப ஓடுவதும் நீ. நாளைக்கு நீ படுத்துக்கொண்டால் யார்? இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஓர் ஆளை மட்டும் நம்பி ஆடும் அணி எத்தனை நாள் தாங்கும் என்று கேட்கிறேன். இங்கே மையத்தில் மூன்று வேளைக்கும் ஆள் இருக்கிறது.

ஏணி இன்னும் அதே இடத்தில் நிற்கிறார். மாற்றுகிறேன் என்றாய்.

அக்கா


ஜனவரி 19

அண்ணிக்கு,

வியாழக்கிழமை மொத்தமே இரண்டு ஆட்டம். ஏணி போக நம் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் அன்றைக்கு ஆட்டம் கிடையாது, உங்கள் புயல் உட்பட. மாமாவுக்கு இருந்தது. ஏழு புள்ளி, எட்டு ரீபவுண்டு (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது, அதற்கும் கணக்கு உண்டு), எல்லாம் ஸ்டோர் கீப்பர் கணக்கில். வாரம் நான்கு புள்ளியில் தோற்றோம்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் கீப்பர் வந்தார். “என்னப்பா, மாமாவ நீயே வீட்ட விட்டுத் துரத்திட்டியாமே, நான் சோறு போட்டு வெச்சிருக்கேன்!” என்றார் வாசலிலேயே. விளையாட்டாகத்தான் சொன்னார். உங்கள் தம்பிக்கு அதுவரை தெரியாது. நான் சொல்லவில்லை, ஆட்டம் போடாமல் ஏதேதோ சாக்குச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்துப் பார்த்தார். அப்புறம் இடது கையால் தள்ளிவிட்டார். கண்ணாடி ஓரத்தில் விரிசல் விட்டிருக்கிறது, வேலை செய்கிறது.

“யாரு?” என்று கேட்டார். நான்தான் என்றேன். உங்களைக் காப்பாற்ற அல்ல. அன்றைக்கு அக்காள் தம்பிச் சண்டையைத் தூக்கிச் சுமக்க என் உடம்பில் தெம்பில்லை. வியாழன் முதல் காய்ச்சல். வியாழக்கிழமைதான் கடைக்குக் கண் டாக்டர் வருவார், லீவு கிடையாது, மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனேன். அவருடைய கை கால் பயிற்சியும் வியாழன்தான். போன மாதம் முழுக்கவும் அதற்கு அழைத்துப்போக ஆளில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத்தான் கணக்கு பிடிக்குமே.

பெஞ்சு எங்கே என்று கேட்டிருந்தீர்கள். கேள்வி நல்ல கேள்வி. கேட்ட விதம்தான் சரியில்லை.

ஏணியைப் பற்றி இனி கேட்காதீர்கள்.


ஜனவரி 23

நான்கு நாளாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதி அழிக்கிறேன். இந்தத் தடவை அனுப்பிவிடுவேன்.

மாமா விஷயத்தில் என் கணக்கு தப்பு. ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று பார்த்தேன், எந்த நாளில் என்று பார்க்கவில்லை. பருவம் முழுவதற்குமான ஆட்ட அட்டவணையை நேற்றுதான் பரப்பி வைத்துப் பார்த்தேன். புதன், வெள்ளிகளில் நம் ஆட்கள் எல்லாருக்கும் ஆட்டம் இருக்கிறது. பத்து இடமும் நிரம்பி, பதினான்கு புள்ளி அடிக்கும் புயல் பெஞ்சில் உட்கார்ந்து அதை வீணடிக்கிறார். மாமாவின் அணிக்கு மட்டும் பெரும்பாலும் வியாழனில் ஆட்டம் வருகிறது. யாருமில்லாத நாளில் வந்து ஐந்து புள்ளி போடுகிறவரைத் தம்பி தெரிந்துதான் வைத்திருந்திருக்கிறான். முதலாண்டு மாணவன் இப்படி ஒரு பிழை செய்திருந்தால் வகுப்பிலேயே கேட்டிருப்பேன்.

மாமாவைத் திருப்பித் தர முடியுமா என்று ஸ்டோர் கீப்பருக்கு எழுதினேன். “மேடம், விட்டது விட்டதுதான். வேணும்னா உங்க புயலையும் சேத்துக் குடுங்க, ரெண்டு பேரையும் பாத்துக்கிறேன்” என்று பதில் வந்தது. நல்ல மனிதர்தான், ஆனால் விளையாட்டில் இரக்கம் இல்லை.

ஏணியைப் பற்றிக் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். நேற்று, இதையாவது உருப்படியாகச் செய்வோம் என்று அவர் பெயரைத் தொட்டுக் காயம்பட்டவர்கள் இடத்துக்கு நகர்த்தப் போனேன். திரையில் ஒரு கேள்வி வந்தது: ‘இவர் இந்தப் பருவத்தில் ஆட மாட்டார். உறுதி செய்யவா?’

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கேள்வி அப்படியே இருந்தது. அழுத்தாமல் மூடிவிட்டேன்.

ஆகவே ஏணி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். பூஜ்யம் வந்தால் வரட்டும்.

வராந்தாவில் கேட்டதை நான் கேட்டிருக்கக் கூடாது. அவன் மாத்திரையை நிறுத்தியது எனக்கும்தான் தெரியாது. வாரம் தவறாமல் போனில் பேசியவள் நான். ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

எனக்கு வியாழக்கிழமை வகுப்பு இல்லை. புதன் மாலை ரயிலைப் பிடித்தால் சாப்பாட்டு நேரத்துக்கு உங்கள் வீட்டில் இருப்பேன். வெள்ளி விடியற்காலை ரயிலில் திரும்பினால் பதினோரு மணி வகுப்புக்கு வந்துவிடலாம். படுக்கை விஷயத்தை விட்டுவிட்டுத்தான் இதைக் கேட்கிறேன். வரட்டுமா?

அக்கா


ஜனவரி 26

அண்ணிக்கு,

உங்களுக்கும் அந்தக் கேள்வி வந்ததா? எனக்கு மூன்று தடவை வந்தது.

வரட்டுமா என்று நீங்கள் கேட்டு நான் பார்த்ததே இல்லை. வருகிறேன் என்றுதான் சொல்வீர்கள், அதுவும் ஸ்டேஷனில் இறங்கின பிறகு. அதனால் நம்புவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

போன வருஷம் நீங்கள் வந்துபோனபின் உப்பு டப்பாவைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. பாத்திரங்களை உயர வாரியாக அடுக்கியிருந்தீர்கள். குட்டைப் பாத்திரம்தான் தினமும் வேண்டும், அது கடைசியில் இருந்தது. இது சின்ன விஷயம்தான். ஆனால் இப்போது என் கையில் மிச்சமிருப்பதே இந்தச் சின்ன விஷயங்கள்தான்.

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். வாருங்கள். ஆனால் மாமா மாதிரி வாருங்கள், ஏணி மாதிரி வராதீர்கள். ஏணி ஆடின ஆட்டங்களில் எல்லாரையும் அவர்தான் கை காட்டி நிறுத்துவார். மாமா உள்ளே வந்ததும் யார் யார் எங்கே நிற்க வேண்டும் என்று மாற்றுவதில்லை. தனக்குச் சொன்ன ஆளைத் தடுப்பார், வந்த பந்தைப் பிடிப்பார், கூப்பிட்டால் போய் உட்கார்ந்துகொள்வார். வியாழக்கிழமை வேலை ஒன்றே ஒன்று. பத்தரைக்கு ஸ்டோர் கீப்பர் அரை மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வருவார். நீங்கள் இருவரும் உங்கள் தம்பியை நாற்காலியோடு கீழே இறக்க வேண்டும். பயிற்சிக்கு அழைத்துப்போய்க் கொண்டுவர வேண்டும். மற்றதெல்லாம் இருக்கிறபடி இருக்கட்டும்.

உங்கள் தம்பியைக் கேட்டேன். “அக்கா வியாழக்கிழமைக்கு மட்டும் வர்றேங்கிறாங்க. வரச் சொல்லவா?”

ரொம்ப நேரம் வாயை அசைத்துப் பார்த்தார். வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வருகிறது இப்போது.

“அவ... பெஞ்சுல... உக்காருவாளா?”

அவருக்கு இது நடந்ததிலிருந்து நான் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான். அவரும் சிரித்தார். மாமா இல்லாமலே.


பிப்ரவரி 13

கண்ணாடிக்காரிக்கு,

(தம்பி உன்னை இப்படித்தான் கூப்பிடுகிறான் என்று எனக்கு எப்போதும் தெரியும். நான் கூப்பிடலாமா என்று கேட்டதில்லை. பிடிக்கவில்லையென்றால் சொல்.)

மூன்று வியாழன் முடிந்தது. ரயிலில் எழுதுகிறேன்.

மாத்திரை டப்பாவில் காலை, மாலை அறைகளை நான் இடம் மாற்றியதை நீ கவனித்துவிட்டாய் என்று தெரியும். தோசைக்கல்லைக் கழுவிக்கொண்டே பார்த்தாய். கிளம்பும் முன் பழையபடி வைத்துவிட்டேன். இரண்டு தடவை எண்ணிப் பார்த்துத்தான் வைத்தேன், பயப்படாதே.

படிக்கட்டில் ஸ்டோர் கீப்பர் மேல்பக்கம், நான் கீழ்ப்பக்கம். முதல் வாரம் திருப்பத்தில் நாற்காலி சிக்கிக்கொண்டது. எனக்கு உடனே பத்து யோசனை வந்தது. பேசாமல் நின்றேன். தம்பி இடது கையால் கைப்பிடிச் சுவரைத் தட்டி, “சாய்ச்சு... சாய்ச்சு” என்றான். சாய்த்ததும் வந்துவிட்டது. எத்தனை லிஃப்ட் இயந்திரங்களை அந்த மாதிரித் திருப்பங்களில் இறக்கியிருப்பான்! “மேடம், சரக்கே வழி சொல்லுது, நமக்கென்ன கவலை” என்றார் ஸ்டோர் கீப்பர். அவனுக்கு மூச்சு வாங்குகிற மாதிரி சிரிப்பு வந்தது. எனக்கு அந்த நகைச்சுவை பிடிக்கவில்லை. அவனுக்குப் பிடிக்கிறது, போகட்டும்.

பயிற்சி கொடுக்கும் பெண் நல்ல பெண். வலது கட்டைவிரல் அசைவதாகச் சொன்னாள். நான் பார்த்தபோது அசையவில்லை. அவள் சொல்வதையும் நான் பார்த்ததையும் இரண்டையும் எழுதுகிறேன், நீ முடிவுசெய்துகொள்.

மையத்துக்குப் போன மாதமே போன் செய்து படுக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை என்று இப்போதுதான் நினைவு வந்தது.

அணி ஏழாம் இடத்தில். புயலுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. என் தேர்வுகள் பற்றி நான் இனி ஒன்றும் சொல்வதாக இல்லை.

அக்கா


மார்ச் 2

அண்ணிக்கு,

கண்ணாடிக்காரி என்றே கூப்பிடுங்கள். கடையில் தலைக்கு மேல் வேலை, சுருக்கமாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை கடையிலிருந்து வந்தபோது போன் அவர் மடியில் இருந்தது. ஏணியின் பெயரைத் தொட்டு வைத்திருந்தார். அந்தக் கேள்வி திரையில் இருந்தது. நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. போனை வாங்கிவிடலாமா என்று கை போனது. பிறகு நீங்கள் படிக்கட்டில் பேசாமல் நின்றதாக எழுதியிருந்தது நினைவு வந்தது. நானும் நின்றேன்.

என்னைப் பார்த்தார். “இந்த சீசன்... தானே?” என்றார்.

“ஆமா. இந்த சீசன் மட்டும்தான் போட்டிருக்கு.”

“சரி” என்று அழுத்திவிட்டார். இடது கட்டைவிரலால். அவ்வளவுதான். இத்தனை நாள் நாம் இரண்டு பேரும் எதற்குப் பயந்தோமோ தெரியவில்லை. ஆனால் நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

காலியான இடத்துக்கு அவரே ஆள் தேடினார். ரொம்ப நேரம். யாரும் சீண்டாத ஒரு பழைய ஆட்டக்காரரை எடுத்திருக்கிறார். அவருக்கும் வியாழனில்தான் ஆட்டம். உள்ளே வந்தால் நடுவரிடம் சண்டை போடாமல் போவதில்லை என்று ஸ்டோர் கீப்பர் சொல்கிறார். பட்டப்பெயர் என்ன என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை.

“அக்கா” என்றார்.

முந்தைய வியாழன் ஆட்டத்தை இன்று காலைக் கஞ்சியோடு போட்டேன். அக்கா பதினோரு நிமிடம் ஆடியிருக்கிறார். நான்கு புள்ளி, ஆறு ரீபவுண்டு, மூன்று ஃபவுல். மூன்றாவது ஃபவுலுக்குக் கையை விரித்து நடுவரிடம் ஏதோ விளக்கம் சொல்லிக்கொண்டே பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் தம்பி வாய் நிறையக் கஞ்சியோடு சிரித்ததில் என் சேலை போயிற்று.

இந்த வாரம் புதன் ரயில் தாமதமாக வரும் என்று போட்டிருக்கிறார்கள். சாப்பாடு எடுத்து வைத்திருப்பேன். உப்பு டப்பா அடுப்புக்கு இடது பக்கம், மேல் தட்டு.

கண்ணாடிக்காரி